சட்டை பாடட்டும், பேட்டரி போனிலேயே இருக்கட்டும்

1/
இது கொஞ்சம் நீளமான இழை. வீட்டில் ஐந்து வயதுக்குள் குழந்தை இருக்கிறவங்க, "ஸ்மார்ட் டிரஸ்" ப்ராஜெக்ட் செய்யுற மாணவர்கள், அதுக்கு மார்க் போடுற ஆசிரியர்கள்... இந்த மூணு தரப்பும் தயவுசெய்து கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. கோபத்தோடதான் எழுதுறேன். ஆனா என் கோபம் தொழில்நுட்பத்து மேல இல்ல.

2/
சில மாதங்களுக்கு முன்னாடி ஒரு கல்லூரியில் மாணவர் ப்ராஜெக்ட் கண்காட்சி. என்னை நடுவரா கூப்பிட்டிருந்தாங்க. ஒரு குழு குழந்தைக்கான கவுன் ஒண்ணு செஞ்சிருந்தாங்க. நெஞ்சில் ஒரு குயில். தொட்டா கூவும். கீழே மேகம். தொட்டா மழைச் சத்தம். அதுக்கும் மேல, அம்மா தன் போனில் குரலைப் பதிவு செஞ்சு ப்ளூடூத் வழியா கவுனுக்குள்ள இருக்கிற சின்ன சிப்புக்கு அனுப்பலாம். வேலைக்குப் போன அம்மாவின் குரல் குழந்தையின் நெஞ்சிலேயே கேட்கும். உண்மையிலேயே அழகான யோசனை. எனக்கே ஒரு நிமிஷம் தொண்டை அடைச்சது.

3/
நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "பேட்டரி எங்கப்பா இருக்கு?"

ஒரு தம்பி கவுனைத் திருப்பிக் காட்டினான். உள்பக்கம் வெல்க்ரோ ஒட்டின சின்னத் துணிப்பை. அதுக்குள்ள ரெண்டு பட்டன் பேட்டரி. "ஈஸியா கழட்டி மாத்திக்கலாம் சார்" என்று பெருமையா சொன்னான்.

"ரெண்டு வயசுக் குழந்தைக்கும் ஈஸிதானே?"

பதில் இல்ல. பக்கத்துல இருந்த பேராசிரியர் குறுக்கே வந்தார். "டாக்டர், இது வெறும் கான்செப்ட்தான். ப்ராடக்ட் ஆகும்போது அதெல்லாம் பாத்துக்கலாம்." நான் குறைவா மார்க் போட்டேன். மத்த நடுவர்கள் அள்ளிக் குடுத்தாங்க. முதல் பரிசு அந்தக் கவுனுக்கே போச்சு.

4/
"ப்ராடக்ட் ஆகும்போது பாத்துக்கலாம்." இந்த வாக்கியத்தின் முடிவை நான் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கேன்.

(அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

ஒன்றரை வயசுப் பெண் குழந்தை. ராத்திரி பத்து மணிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. "நேத்துல இருந்து எதுவும் சாப்பிட மாட்டேங்குறா டாக்டர், எச்சில் ஒழுகிட்டே இருக்கு." சளி இல்ல. காய்ச்சல் இல்ல. தொண்டையில் புண்ணும் இல்ல. எக்ஸ்ரே எடுத்தோம். உணவுக்குழாயில் வட்டமா ஒண்ணு. "காசு முழுங்கியிருக்கு" என்றார்கள் கூட இருந்தவர்கள். நான் விளிம்பைப் பார்த்தேன். ஒரு வட்டத்துக்குள்ள இன்னொரு வட்டம். காசுக்கு அப்படி இருக்காது.

5/
அப்பா பைக்கில் வீட்டுக்கு ஓடினார். பிறந்தநாளுக்குத் திருவிழாக் கடையில் வாங்கின கவுனில் ஒரு பட்டாம்பூச்சி. அமுக்கினா பாட்டு பாடும், லைட் எரியும். பின்னாடி இருந்த பிளாஸ்டிக் மூடி திறந்து கிடந்தது. ரெண்டு பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒண்ணுதான் இருந்தது. பாட்டு நின்னு போனதை அவங்க கவனிச்சிருக்காங்க. "பேட்டரி தீந்திடுச்சு போல" என்று விட்டுட்டாங்க.

அன்னிக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எண்டோஸ்கோப்பியில் எடுத்தாங்க. குழந்தை பிழைச்சிட்டா. ஆனா வெந்து ஆறின இடத்தில் உணவுக்குழாய் சுருங்கிப் போச்சு. அதை விரிவாக்க எத்தனையோ முறை மயக்க மருந்து. மத்த பிள்ளைங்க தோசையைப் பிச்சுத் தின்னுற வயசுல, இவளுக்கு இட்லியைக் கரைச்சுக் குடுத்தாங்க.

6/
என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கோங்க. பேட்டரி உடைஞ்சு உள்ள இருக்கிற அமிலம் கசியுதுன்னு பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்ல. பேட்டரி உடையவே வேண்டாம்.

எச்சில் ஈரம் பட்டதும் பேட்டரியின் ரெண்டு முனைக்கும் நடுவே மின்சுற்று முழுமையாகுது. மின்சாரம் ஓடுது. எதிர்முனை தொடுற இடத்தில் ஹைட்ராக்சைடு உருவாகுது. அது கடுமையான காரம். அடைப்பு எடுக்க பாத்ரூமில் ஊத்துற காரம் இருக்கே, அந்த வகை. அது குழந்தையின் தொண்டைக்குக் கீழே, அதே இடத்தில் நிமிஷத்துக்கு நிமிஷம் புதுசா உற்பத்தி ஆகிட்டே இருக்கு. கடுமையான தீக்காயம் ஏற்பட 2 மணி நேரம் போதும்.

7/
உணவுக்குழாய்க்கு முன்னாடி மூச்சுக்குழாய். பக்கத்தில் மகாதமனி. அரிப்பு அந்தப் பக்கம் போனா ஓட்டை விழும். பேட்டரியை எடுத்த பிறகும், நாள்கணக்கில் வாரக்கணக்கில் கழிச்சுக்கூட ரத்தம் கொட்டி உயிர் போகலாம்.

எல்லாவற்றிலும் மோசமானது சிஆர் 2032 மாதிரியான லித்தியம் வகை. அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்கு. 20 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம். 32 என்றால் 3.2 மில்லிமீட்டர் தடிமன். ஏறக்குறைய ஒரு ரூபாய் காசு சைஸ். சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியா மாட்டிக்கிற அளவு. மத்த சின்ன பட்டன் பேட்டரிகள் சுமார் ஒன்றரை வோல்ட். இது 3 வோல்ட்.

"தீந்து போன பேட்டரிதானே" என்று அலட்சியம் வேண்டாம். கவுனைப் பாட வைக்க வலு இல்லாத பேட்டரிக்குக் குழந்தையைச் சுட வலு இருக்கு.

8/
இங்கேயே ஒரு நிமிஷம் நிறுத்தி இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கோங்க.

குழந்தை பட்டன் பேட்டரி முழுங்கிடுச்சு, அல்லது முழுங்கியிருக்குமோன்னு சந்தேகம்:

- உடனே எக்ஸ்ரே, எண்டோஸ்கோப்பி வசதி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. தேவைன்னா 108. "மலத்துல வந்திடும்" என்று வாழைப்பழம் குடுத்துக் காத்திருக்காதீங்க.
- வாந்தி எடுக்க வைக்காதீங்க. விரலை விட்டுத் தோண்டாதீங்க.
- குழந்தைக்கு ஒரு வயது தாண்டியிருந்து, முழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, முழுங்க முடியுற நிலையில் இருந்தா, போற வழியிலேயே தேன் குடுக்கலாம். 2 டீஸ்பூன், 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அதிகபட்சம் 6 தடவை. தேன் பேட்டரியைப் பூசி அரிப்பை மெதுவாக்கும். அவ்வளவுதான், அது சிகிச்சை இல்ல. தேன் தேடி நேரத்தை வீணாக்காதீங்க.
- ஒரு வயதுக்குக் கீழே தேன் கூடவே கூடாது.
- தேனைத் தவிர வேற சாப்பாடு, தண்ணி எதுவும் வேண்டாம்.
- மூக்கில், காதில் போட்டுக்கிட்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து ஊத்தாதீங்க.

எச்சில் ஒழுகுதல், சாப்பிட மறுத்தல், காரணமில்லாத இருமல், வாந்தி... இவை வரலாம். எதுவுமே வராமலும் இருக்கலாம்.

9/
சரி, கண்காட்சிக்குத் திரும்புறேன். ரெண்டு வாரம் கழிச்சு அந்தக் குழுவில் இருந்த ஒரு மாணவி மெசேஜ் போட்டிருந்தாங்க. "சார், நீங்க மார்க் குறைச்சது தப்பில்ல. ஆனா பேட்டரி இல்லாம எப்படிப் பண்றதுன்னு நீங்களும் சொல்லலையே. பயமுறுத்திட்டுப் போயிட்டீங்க."

நியாயமான அடி. வாங்கிக்கிட்டேன். எங்க இனத்துக்கே உள்ள வியாதி அது. "கூடாது" என்று சொல்லிட்டு எழுந்து போயிடுவோம். அதனால உட்கார்ந்து படிச்சேன், தெரிஞ்ச இன்ஜினியர்களை நச்சரிச்சேன். இந்த இழை அந்தத் தங்கைக்கான பதில்.

10/
முதல்ல ஒண்ணு. ஒலி எழுப்புற உடை புதுசு இல்ல. நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குழந்தை எங்க தவழுதுன்னு தெரிய கொலுசு மாட்டினவங்க நாம. ஆடுறவங்க காலில் சலங்கை கட்டினவங்க நாம. அசைவுதான் அதுக்கு சக்தி, பேட்டரி கிடையாது. கொலுசு மணி கழண்டு குழந்தை வாயில் போட்டா அதுவும் ஆபத்துதான், மூச்சு அடைக்கலாம். ஆனா அது உள்ள உட்கார்ந்து வேக வைக்காது.

ஒரு காப்பியமே நம்மகிட்ட இருக்கு. சிலம்புக்குள்ள இருக்கிறது முத்தா மாணிக்கமா என்பதில்தான் கோவலனின் நியாயமே அடங்கியிருந்தது. யாரும் உடைச்சுப் பார்க்கல. பார்த்தபோது உயிர் போயிருந்தது. "உள்ள என்ன இருக்கு?" என்ற கேள்வியை முன்னாடியே கேட்கணும்னுதான் நான் கத்திக்கிட்டு இருக்கேன்.

11/
உலக அளவிலும் இந்தக் கலைக்கு நல்ல வரலாறு உண்டு. அமெரிக்கக் கலைஞர் லாரி ஆண்டர்சன் 1980களிலேயே டிரம் மெஷினைப் பிரிச்சு அதன் உணரிகளைத் தன் உடையில் தைச்சு, உடம்பைத் தட்டித் தட்டியே மேடையில் தாளம் போட்டார். பெர்லினில் பெனுவா மோப்ரே ஸ்பீக்கர் பொருத்திய பாலே உடைகளைச் செய்தார். இங்கிலாந்துப் பாடகி இமோஜன் ஹீப் கையுறை வழியா இசையை இயக்குறார். லண்டனின் க்யூட்சர்க்யூட் நிறுவனம் செய்த சட்டை, காது கேளாதவர்கள் ஆர்க்கெஸ்ட்ரா இசையைத் தோலில் அதிர்வா உணர வைக்குது.

இதையெல்லாம் ரசிக்கிறவன்தான் நான். ஆனா கவனிங்க. இவை எல்லாத்தையும் போட்டுக்கிறது உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்ச பெரியவங்க. பேட்டரியைப் பிடுங்கி வாயில் வைக்க மாட்டாங்க.

12/
அப்புறம் எப்படிக் குழந்தை கவுனுக்குள்ள பட்டன் பேட்டரி வந்தது? கத்துக்குடுத்த விதத்தில் வந்தது.

2007இல் லியா பியூக்லி என்ற ஆய்வாளர் உருவாக்கிய லில்லிபேட் ஆர்டுயினோ விற்பனைக்கு வந்தது. துணியில் ஊசி நூலால் தைக்கக்கூடிய மின்சுற்றுப் பலகை. அருமையான கண்டுபிடிப்பு. உலகம் முழுக்க மாணவர்கள், முக்கியமா பெண்கள், எலக்ட்ரானிக்ஸுக்குள்ள வர ஒரு வாசலைத் திறந்துவிட்டது. அந்த வரிசையிலேயே 20 மில்லிமீட்டர் பட்டன் பேட்டரியைத் துணியில் தைக்க ஒரு ஹோல்டரும் உண்டு. தட்டையா இருக்கும், லேசா இருக்கும், விலை கம்மி. பயிற்சி வகுப்பில் முதல் பாடமே அதை வச்சுத்தான். பெரியவங்க கைப்பைக்கு அது சரி. அதே பாடத்தை அப்படியே குழந்தை கவுனுக்குத் தூக்கிட்டு வந்தோம் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டோம்.

13/
இப்ப வழக்கமா வர்ற வாதங்களுக்கு வர்றேன்.

"ரிமோட்டுல, கடிகாரத்துல, கார் சாவியிலகூட இந்த பேட்டரி இருக்கே டாக்டர்?"

இருக்கு. அதுவும் ஆபத்துதான். ஆனா ரிமோட்டை அலமாரி மேல வைக்கலாம். சாவியை ஆணியில் மாட்டலாம். கவுனை எங்க வைப்பீங்க? அது குழந்தை உடம்புலதானே இருக்கு! "குழந்தைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்ற எச்சரிக்கையைக் குழந்தையின் சட்டையில் அச்சடிச்சா அது எச்சரிக்கையா, ஜோக்கா?

இன்னொண்ணு யோசிச்சீங்களா? துணியைத் துவைக்கணும். துவைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டணும். வாரம் மூணு தடவை துவைச்சா, மூணு தடவை பேட்டரி வெளியே வருது. துவைக்கிற கல் மேல, ஜன்னல் திண்டுல, வாஷிங் மெஷின் மூடி மேல உட்காருது. "ஈஸியா கழட்டலாம்" என்ற வடிவமைப்பு, வாரம் மூணு தடவை அந்தப் பேட்டரியை வீட்டுக்குள்ள அவிழ்த்து விடுற வடிவமைப்பு.

14/
"அம்மா என்ன பண்ணிட்டு இருந்தாங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்கிறவங்ககிட்டதான் எனக்கு உச்சபட்ச கோபம். அன்னிக்கு அந்த எக்ஸ்ரே அறை வாசலிலேயே ஒருத்தர் கேட்டார். அந்தப் பொண்ணு தலை குனிஞ்சு நின்னாங்க.

அம்மா என்ன பண்ணிட்டு இருந்தாங்களா? சமைச்சிட்டு இருந்தாங்க. பாத்திரம் தேய்ச்சிட்டு இருந்தாங்க. பாத்ரூம் போயிருந்தாங்க. மனுஷியா இருந்தாங்க. குழந்தை எதையும் வாயில் வைக்கும். அது குறும்பு இல்ல, அந்த வயசு உலகத்தைப் படிக்கிற விதம். இது தெரிஞ்சே விரலால திறக்கக்கூடிய மூடி போட்டவரைக் கேட்காம, அம்மாவைக் கேட்கிறது அநியாயம். ஒரு நொடி கண் அசந்தாலே உயிர் போகும் என்றால், தப்பு கண்ணில் இல்ல. பொருளில் இருக்கு.

15/
"சட்டம் இருக்கும்ல?"

அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் ரீஸ் சட்டம் வந்தது. ரிமோட்டில் இருந்து விழுந்த பட்டன் பேட்டரியை முழுங்கி இறந்துபோன ஒன்றரை வயசுக் குழந்தையின் பெயர் அது. மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு கருவி வேணும், இல்லைன்னா ஒரே நேரத்தில் ரெண்டு விதமான கை வேலை வேணும் என்பதுதான் அதன் சாரம். ஆஸ்திரேலியாவில் அதே 2022 ஜூனில் இப்படி ஒரு கட்டாய விதி நடைமுறைக்கு வந்தது.

நம்ம நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். நல்ல விஷயம். ஆனா பாடுற கவுன் பொம்மையா துணியா? துணிக்கடையில் யார் முத்திரை பார்த்து வாங்குறோம்? பொம்மையா துணியா என்று நாம மேசை போட்டு வாதாடலாம். பேட்டரிக்கு அந்த வாதம் புரியாது.

16/
இப்ப அந்தத் தங்கை கேட்ட கேள்வி. பேட்டரி இல்லாம எப்படி?

பதில் உங்க கையிலேயே இருக்கு. போன். நல்லா சீல் பண்ணின பேட்டரி, நல்ல ஸ்பீக்கர், மைக், கேமரா, அசைவை அறியுற உணரி எல்லாம் ஏற்கெனவே உள்ள இருக்கிற ஒரு பெட்டி. அது பெரியவங்க கையில் இருக்கு. அப்புறம் எதுக்கு இன்னொரு மட்டமான ஸ்பீக்கரையும் இன்னொரு ஆபத்தான பேட்டரியையும் குழந்தை நெஞ்சில் தைக்கணும்?

விதி இதுதான்: சக்தியும் சத்தமும் போனில். துணியில் துணி மட்டும்.

17/
வழி ஒண்ணு. என்.எஃப்.சி வில்லை. மெட்ரோ கார்டைத் தட்டி உள்ள போறீங்களே, ஏறக்குறைய அதே நுட்பம். வில்லைக்குள்ள பேட்டரி கிடையாது. போனை ஒட்டிக் கொண்டுவரும்போது போனின் காந்தப்புலமே அதுக்கு சக்தி குடுக்கும். துவைச்சாலும் தாங்குற வில்லைகள் உண்டு. சலவை நிலையங்களில் துணியை அடையாளம் காணப் பயன்படுத்துறாங்க. குயில் படத்துக்குப் பின்னாடி ரெண்டு துணிக்கு நடுவில் வச்சு நாலு பக்கமும் மூடித் தைச்சிடுங்க. அப்பா போனைக் குயில்கிட்ட கொண்டுபோனா போன் கூவும். அம்மாவின் குரல் போனில் கேட்கும்.

"குழந்தையே தொட்டா கேட்காதே சார்?" கேட்காது. பெரியவர் ஒருத்தர் பக்கத்தில் உட்காரணும். அதைக் குறைன்னு நினைக்கிறீங்களா? குழந்தை மருத்துவனா எனக்கு அதுதான் இந்த வடிவமைப்பின் பெரிய லாபம்.

18/
வழி ரெண்டு. விலை குறைந்த பல போன்களில் என்.எஃப்.சி இருக்காது. அதுக்குக் கேமரா போதும். துணியில் அச்சடிச்ச படத்தை, கோலம் மாதிரி ஒரு வடிவத்தைப் போன் அடையாளம் கண்டுகொண்டு அதுக்கான ஒலியைப் பாடும். உடையில் சாயத்தைத் தவிர எதுவுமே இல்ல. எத்தனை தடவை வேணும்னாலும் துவைங்க, அடிச்சுப் பிழிங்க, வெயிலில் போடுங்க.

19/
வழி மூணு. தொட்டவுடனே ஒலி வேணும்னா மின்சாரம் கடத்துற நூல் வேணும். வெள்ளிப் பூச்சுள்ள நைலான் நூல், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நூல் எல்லாம் கிடைக்குது. நமக்கு இது அந்நியமும் இல்ல. பட்டு நூலில் வெள்ளியைச் சுத்தித் தங்கப் பூச்சு குடுத்த அசல் ஜரிகையும் உலோகம் சுத்தின நூல்தானே!

நூல் மட்டும் உடையில் இருக்கட்டும். தொடுதலை அறிந்து போனுக்கு ப்ளூடூத்தில் சொல்ற பெட்டி தனியா இருக்கட்டும். முழுக்க மூடின பெட்டி, ஸ்க்ரூ போட்டது, கழட்டி சார்ஜ் போடுறது. குழந்தை வாய்க்குள்ள போகவே முடியாத அளவு. மூணு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கான சாமான்களைச் சோதிக்க ஒரு குழாய் வச்சிருக்காங்க. விட்டம் 31.7 மில்லிமீட்டர். அதுக்குள்ள முழுசா அடங்கினா அந்தப் பொருள் தகுதியில்ல. உங்க லேபில் அதை அட்டையில் செஞ்சு வைங்க. அஞ்சு நிமிஷ வேலை.

மூணு வயசுக்குக் கீழே இந்த மூணாவது வழியே வேண்டாம். முதல் ரெண்டு போதும்.

20/
பெரிய கம்பெனிகளும் இந்தத் திசையில்தான் போனாங்க. 2017இல் கூகுளும் லீவைஸும் சேர்ந்து ஒரு ஜாக்கெட் வெளியிட்டாங்க. மணிக்கட்டுப் பக்கத்தில் மின்சாரம் கடத்துற நூல் நெய்திருக்கும். அதைத் தடவினா போனில் பாட்டு மாறும். பேட்டரி ஒரு கழட்டக்கூடிய பட்டையில், அதையும் சார்ஜ் போட்டுக்கலாம். பாட்டு வந்தது போனில் இருந்து. சட்டையில் இருந்தது நூல்.

2023இல் அதுக்கான செயலியை நிறுத்திட்டாங்க. ஜாக்கெட் என்ன ஆச்சு? ஜாக்கெட்டாவே இருக்கு. குளிருக்குப் போட்டுக்கலாம். நல்ல வடிவமைப்புக்கு இதுவும் ஒரு சோதனை. தொழில்நுட்பம் செத்த பிறகு மிஞ்சுறது ஒரு சட்டையா இருக்கணும், வெடிகுண்டா இருக்கக்கூடாது.

21/
"போன் குடுக்காதீங்கன்னு நீங்கதானே டாக்டர் சொல்வீங்க?"

குழந்தை கையில் குடுக்காதீங்க, திரையைக் காட்டாதீங்க என்றுதான் சொல்வேன். இங்க போன் பெரியவர் கையில் இருக்கு. திரையைப் பார்க்கவே வேண்டாம். குழந்தை பார்க்கிறது தன் சட்டையில் இருக்கிற குயிலை.

காதுக்கும் இது நல்லது. சின்ன ஸ்பீக்கர் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்து 10 செ.மீ தூரத்துக்கு வந்தா, காதில் விழுற ஒலி சுமார் 20 டெசிபல் கூடும். நெஞ்சிலும் காலரிலும் தைச்ச ஸ்பீக்கர் குழந்தை காதுக்குப் பக்கத்தில் இருக்கு, சத்தத்தைக் குறைக்க ஒரு பட்டன்கூட இருக்காது. குழந்தைகள் கருவிகளில் ஒலி கேட்க உலக சுகாதார நிறுவனம் சொல்ற வரம்பு, வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 75 டெசிபல். போனில் சத்தத்தைக் குறைக்கலாம், தள்ளி வைக்கலாம், அணைக்கலாம்.

22/
"இப்படிக் கட்டுப்பாடு போட்டா புதுமையே வராது சார்."

கட்டுப்பாடுதான் புதுமையைக் கொண்டுவரும். நான் ஒரு சவால் தர்றேன்.

என்கிட்ட வர்ற குழந்தைகளில் மூளை முடக்குவாதத்தால பேச முடியாதவங்க இருக்காங்க. எல்லாம் புரியும். சொல்ல வாய் ஒத்துழைக்காது. படத்தைத் தொட்டா பேசுற செயலிகள் இருக்கு. சென்னையில் உருவான ஆவாஸ் அதில் முன்னோடி, தமிழிலும் பேசும். ஆனா கை நடுங்குற குழந்தைக்கு வழுக்குற கண்ணாடித் திரையில் சின்னப் படத்தைத் தொடுறது சிரமம்.

அந்தக் குழந்தை மடியில் ஒரு துணி விரிச்சா? உள்ளங்கை அகலத்துக்குப் படங்கள். ஒண்ணு சொரசொரப்பா, ஒண்ணு வழவழப்பா, ஒண்ணு மேடா. தண்ணி, பசி, வலிக்குது, வெளிய போகணும், அம்மா. தொட்டா நூல் வழியா செய்தி போகும். மூடின பெட்டி உடம்பில் இல்ல, சக்கர நாற்காலியின் பின்பக்கம். அம்மா இடுப்பில் இருக்கிற போன் "வலிக்குது" என்று சொல்லும். அந்தக் குழந்தைக்கு அது ஒரு குரல்.

பக்கவாதம் வந்து பேச்சு போன தாத்தா பாட்டிகளுக்கும் இதையே செய்யலாம். கூவுற குயிலுக்கு முதல் பரிசு குடுத்த கண்காட்சிகளே, இதுக்கு என்ன குடுப்பீங்க?

23/
ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்கான உடை ப்ராஜெக்ட் வந்தா, வைவாவில் மூணு கேள்வி கேளுங்க.

பேட்டரி எங்க இருக்கு?
துவைக்கும்போது அது எங்க இருக்கும்?
போன் செயலி நின்னு போனா மிஞ்சுறது என்ன?

மூணுக்கும் பதில் இல்லாத கான்செப்ட், கான்செப்ட்டே இல்ல. கான்செப்டிலேயே பார்க்காததை ப்ராடக்ட்டில் யாரும் பார்க்கப் போறதில்ல. அங்க விலையைத்தான் பார்ப்பாங்க.

24/
பெற்றோருக்கு. இன்னிக்கு ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்குங்க. பாடுற கவுன், லைட் எரியுற ஷூ, சத்தம் போடுற பொம்மைத் தொப்பி எல்லாத்தையும் எடுத்துத் திருப்பிப் பாருங்க. பேட்டரி மூடி ஸ்க்ரூ இல்லாம விரலால திறந்தா, பேட்டரியை எடுத்திடுங்க. எடுத்த பேட்டரியின் ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தை கைக்கு எட்டாம வச்சு, மின்கழிவு வாங்குற இடத்தில் குடுங்க. பாட்டு திடீர்னு நின்னு போன உடையைப் பார்த்தா "தீந்திடுச்சு போல" என்று விடாதீங்க. உள்ள எத்தனை பேட்டரி இருக்கணும், எத்தனை இருக்குன்னு எண்ணுங்க.

கவுன் பாடலைன்னா குழந்தை அழும். அரை மணி நேரம் அழும். நீங்க பாடுங்க, நிறுத்திடும்.

25/
கடைசியா அந்தத் தங்கைக்கு. பரிசு வாங்கின பிறகும் "எப்படி?" என்று கேட்டீங்களே, அதுக்காகவே உங்க மேல மரியாதை கூடுது. வேலைக்குப் போற அம்மாவின் குரலைக் குழந்தைக்குக் குடுக்கணும்னு நினைச்ச மனசு உங்களுது. அதை விட்டுடாதீங்க. பேட்டரியை மட்டும் விட்டுடுங்க.

அடுத்த வருஷமும் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிடுங்க. அதே கேள்வியைத்தான் கேட்பேன்.

"பேட்டரி எங்கம்மா?"

"போன்ல சார்" என்று சொல்லுங்க. என் முழு மார்க் உங்களுக்கு.

(குழந்தை இருக்கிற வீடுகளுக்கு இதைப் பகிருங்க. முக்கியமா 8ஆவது பதிவை.)